முகாமுக்கு வராத அம்மாக்கள்

லோயர் கேம்ப் என்பதைத் தமிழில் சொன்னால் கீழ் முகாம். யாரும் அப்படிச் சொல்வதில்லை. குமுளி போகும் பஸ்ஸின் கண்டக்டரும் 'லோயர்கேம்ப்பெல்லாம் எறங்கு' என்றுதான் கூவுகிறார். 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த பெரியாறு அணை வேலைக்காக ஆட்களை மலைமேலும் அடிவாரத்திலும் தங்கவைத்த காலத்தின் மிச்சம் இந்தப் பெயர். காலராவிலும் மலைக்காய்ச்சலிலும் செத்தவர்கள் போக மற்றவர்கள் வேலை முடிந்ததும் கலைந்தார்கள். முகாம் என்றால் அப்படித்தான். வேறு யாரோ போட்ட கால அட்டவணையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுக் கலைவது.

பெண்களுக்கு இந்தச் சொல்லோடு பழைய உறவு உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் படுக்கவைக்கப்பட்ட அத்தைகள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னது. அடுத்தது நூற்பாலை. பதினைந்து, பதினாறு வயதுப் பெண்களை விடுதியில் அடைத்து, மூன்று வருடம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி வேலை வாங்கிய முறைக்கு விளம்பரப் பெயர் 'சுமங்கலித் திட்டம்'. அதற்கு இன்னொரு பெயர் 'கேம்ப் கூலி'. தேனி, திண்டுக்கல் பக்கத்துப் பிள்ளைகள் கோவை, திருப்பூர் மில்களுக்கு இந்தப் பெயரில் போயிருக்கிறார்கள்.

இப்போது மூன்றாவதாக ஒரு முகாம். வளரிளம் பெண்களுக்கான தன்னம்பிக்கை முகாம், ஆளுமை முகாம், அதிகாரமளித்தல் முகாம். ஒரு வாரம் அல்லது பத்து நாள். நடத்துபவர்களில் கல்லூரி மாணவிகள் இருப்பார்கள், நகரத்துத் தொண்டு நிறுவனத்தார் இருப்பார்கள், வசதி உள்ள நிறுவனம் என்றால் ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த இளம் தன்னார்வலர்களும் இருப்பார்கள். முன்னிரண்டோடு இதை ஒன்றாக வைப்பது அநியாயம் என்று தோன்றலாம். கொடுமையில் ஒப்பே இல்லை, நிச்சயமாக. ஆனால் மூன்றிலும் பெண்ணை அவளுடைய இடத்திலிருந்து தனியே பிரித்தெடுத்து, அவளிடம் ஏதோ ஒன்றைச் சரிசெய்து, திருப்பி அனுப்புகிறார்கள். அந்தப் பிரித்தெடுத்தலைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

இந்த வடிவத்தின் பிரபலமான முன்மாதிரி ருமேனியாவில் பிறந்தது. 1995-இல் அமெரிக்காவின் அமைதிப் படைத் தன்னார்வலர்கள் உள்ளூர் ஆசிரியைகளோடு சேர்ந்து பதின்வயதுப் பெண்களுக்கு ஒரு வாரத் தலைமைப் பண்பு முகாம் நடத்தினார்கள். 'குளோ' என்று பெயர். நம் உலகை வழிநடத்தும் பெண்கள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அந்த முகாம் பிறகு ஆப்பிரிக்கா, மத்திய ஆசியா என்று பல நாடுகளுக்குப் போனது. அமைதிப் படை 1976-இலேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டதால் அந்தப் பெயரில் நம் ஊருக்கு வரவில்லை. வடிவம் மட்டும் வந்தது: அறிமுக விளையாட்டு, உடல் பற்றி ஒரு நாள், 'வேண்டாம்' என்று உரக்கச் சொல்லப் பயிற்சி, எதிர்காலக் கனவை வரைதல், நாடகம், சான்றிதழ், குழுப் புகைப்படம். நம் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாமும் ஏழு நாள்தான் என்பதால் இந்த வாசகிகளில் பாதிப் பேருக்கு இது அந்நியமாக இருக்காது. தத்தெடுத்த கிராமத்தில் மரக்கன்று நட்டு, பேரணி போய், கடைசி நாள் அழுது பிரிந்த அந்த வாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோடை முகாம் என்ற பெயரிலேயே ஒரு சிக்கல். யாருடைய கோடை? நமக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிய. ஜூனில் பள்ளி திறந்துவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் ஜூன் என்றால் அணையைத் திறந்து முதல் போகத்துக்குத் தண்ணீர் விடும் மாதம். 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் நாற்றங்கால் வேலை தொடங்குகிற மாதம். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு விடுமுறை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. அவர்களின் கோடைக்காக நம் பிள்ளைகள் ஜூலையில் வகுப்பை விட்டுவிட்டுத் தன்னம்பிக்கை கற்கப் போகிறார்கள். பெண் குழந்தை பள்ளிக்குத் தொடர்ந்து போக வேண்டும் என்பதுதான் முகாமின் முதல் பாடம் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இவர்களை இந்தப் பள்ளத்தாக்கு சந்தேகத்தோடு பார்ப்பதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் நிற்கிறது. 2013 ஜனவரியில் திறந்தார்கள். அவர் பிறந்த நாளில் பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். அரசு பணம் தராமல் நின்றபோது தன் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையை முடித்தார் என்ற கதை இங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அணை சென்னை மாகாண அரசின் திட்டம், 1886-இல் திருவிதாங்கூரோடு போட்ட 999 ஆண்டுக் குத்தகையின் மேல் கட்டப்பட்டது என்பது ஏட்டில் இருக்கிறது. கதை நெஞ்சில் இருக்கிறது. (அந்தக் கதையிலும் மனைவிக்கு நகைகளைத் தவிர வேறு பாத்திரம் இல்லை.) வெள்ளைக்காரர் ஒருவர் வந்து நம் வயிற்றுக்கு வழிசெய்தார் என்ற நன்றி நூறாண்டுகளுக்கு மேலாக நிற்கிற மண்ணில், வெளிநாட்டிலிருந்து வந்து பெண்பிள்ளைகளுக்கு நல்லது சொல்கிறார்கள் என்றால் பஞ்சாயத்தும் பள்ளியும் மண்டபத்தைத் திறந்துவிடும். ஆனால் பென்னிகுயிக் விட்டுப்போனது தண்ணீர். அவர் விவசாயிகளிடம் வந்து 'நீங்கள் தாகத்தை உணர்வதில்லை' என்று வகுப்பெடுக்கவில்லை.

இத்தகைய ஒரு முகாமில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அங்கே கேட்ட இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

'உங்கள் வீட்டில் முடிவுகளை எடுப்பது யார்?' என்று ஒரு பயிற்சி. அப்பா என்றோ, தாத்தா என்றோ வரும், அதிலிருந்து ஆணாதிக்கத்துக்குப் போகலாம் என்பது திட்டம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "ஜீப்காரர்தான்க்கா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "ஹாரன் அடிச்சா அம்மா கெளம்பிரும். நாங்க எந்திரிச்சிருவோம். எத்தன மணிக்குத் தண்ணி பிடிக்கணும், எப்ப சோறாக்கணும், எல்லாம் அவரு ஹாரன்தான்." நான் மொழிபெயர்த்தேன். தன்னார்வலரும் சிரித்துவிட்டு, "அருமை, இப்போது தீவிரமாகப் பதில் சொல்வோமா?" என்றார். அதைவிடத் தீவிரமான பதில் அந்த வாரம் முழுக்க வரவில்லை. ஏலத்தோட்டத்தின் வேலை நேரம், மலைப்பாதையின் தூரம், எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிச் செல்பவரின் கணக்கு, இவை சேர்ந்துதான் அடிவாரத்தில் ஒரு பதினாலு வயதுப் பெண்ணின் நாளை எழுதுகின்றன. பயிற்சிக் கையேட்டில் அதற்குக் கட்டம் இல்லை. கட்டத்தில் அப்பா, அம்மா, சகோதரன், மற்றவர் என்று நான்கு இருந்தன. அவள் சொன்னதை 'மற்றவர்' என்று போட்டார்கள்.

இரண்டாவது, நாடகம். 'என் கனவுக்குத் தடை' என்ற தலைப்பில் ஐந்து குழுக்கள் நடித்துக் காட்டின. நான்கு குழுக்களில் தடை அம்மாதான். அம்மா படிப்பை நிறுத்துகிறாள், அம்மா சைக்கிளைத் தம்பிக்குக் கொடுக்கிறாள், அம்மா மாமன் மகனைப் பேசி முடிக்கிறாள். துப்பட்டாவை முந்தானையாகச் செருகிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, பிள்ளைகள் அம்மாக்களை அச்சு அசலாக நடித்தார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. பிறகு நடந்த கலந்துரையாடலில் 'முந்தைய தலைமுறைப் பெண்களின் மனத்தடை' என்று அதற்குத் தலைப்புக் கிடைத்தது.

அந்த நாடகங்களை இன்னொரு விதமாகப் படிக்கலாம். அப்பாவை நடிக்க ஒருத்தியும் முன்வரவில்லை. குடித்துவிட்டு வரும் அப்பாவை ஊர் மண்டபத்தில் நடித்துக் காட்டினால் சேதி சாயங்காலத்துக்குள் வீடு போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். எஸ்டேட் முதலாளியை நடிக்க முடியாது, பார்த்ததில்லை. சாதியை எப்படி நடிப்பது என்று தெரியாது, தெரிந்தாலும் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது வாய் வராது. மிஞ்சியது அம்மா. வீட்டில் எல்லா முடிவுகளும் அம்மாவின் வாய்வழியாகத்தான் மகளிடம் வந்து சேர்கின்றன. முடிவை எடுத்தவர் வேறு, சொல்கிறவள் அவள். திட்டினாலும் ஆபத்தில்லாத ஒரே ஆளும் அவள்தான். பிள்ளைகள் மனத்தடையை அம்மாவிடம் கண்டுபிடிக்கவில்லை, பாதுகாப்பாக நடிக்கக்கூடிய வில்லியைத் தேர்ந்தெடுத்தார்கள். முகாம் அதைக் கண்டுபிடிப்பு என்று எழுதிக்கொண்டது.

இது ஒரு முகாமின் கவனக்குறைவு என்றால் கட்டுரை எழுத வேண்டியதில்லை. அம்மாவை நீக்கிவிட்டு மகளைப் பார்ப்பது இந்தச் சிந்தனையின் அடிவயிற்றிலேயே இருக்கிறது. 2008-இல் நைக்கி அறக்கட்டளை வெளியிட்ட 'தி கேர்ள் எஃபெக்ட்' என்ற சிறிய காணொளியைப் பலர் பார்த்திருப்பீர்கள். எழுத்துகள் மட்டுமே ஓடும் படம். வறுமையில் ஒரு பெண்குழந்தை. அவளுக்குப் பள்ளிச் சீருடை கொடு. பசு வாங்கக் கடன் கொடு. பசு மந்தையாகும், ஊர் மாறும், உலகம் மாறும். படத்தில் பசு இருக்கிறது. அம்மா ஒரு பாத்திரமாக இல்லை. பெண்குழந்தை வானத்திலிருந்து நேராக வறுமையில் விழுந்தவள்போல நிற்கிறாள். அவளுக்கு முன்னால் அந்த ஊரில் யாரும் உழைக்கவில்லை, கூலி கேட்கவில்லை, சண்டை போடவில்லை. 1990-களில் இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் இதே நிறுவனத்துக்குச் செருப்புத் தைத்த இளம்பெண்களின் கூலி உலகெங்கும் பேச்சாக இருந்ததை நினைத்தால், தொழிலாளியாக வளர்ந்துவிட்ட பெண் ஏன் அந்தப் படத்துக்குள் வர முடியவில்லை என்று புரியும். பன்னிரண்டு வயதுப் பெண் முதலீடு. முப்பத்தைந்து வயதுப் பெண் கூலி கேட்பாள்.

சந்திரா தல்பதே மொஹந்தி 1980-களில் எழுதிய 'மேற்கத்தியக் கண்களின் கீழ்' கட்டுரை, 'மூன்றாம் உலகப் பெண்' என்ற ஒற்றை உருவத்தை மேற்கத்தியப் பெண்ணியம் எப்படி உற்பத்தி செய்கிறது என்று காட்டியது. அடக்கப்பட்டவள், வீட்டோடு கிடப்பவள், மரபுக்குள் சிக்கியவள். முகாமில் அந்த உருவத்தை இரண்டாகக் கிழிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். 'சிக்கியவள்' அம்மாவுக்கு, 'மீட்கப்பட வேண்டியவள்' மகளுக்கு. நம் ஊர் நடுத்தர வர்க்கத் தன்னார்வலர்களும் இதையேதான் செய்கிறோம், தோல் நிறம் மட்டும் வேறு. ஒரே பந்தியில் சாப்பிட வைத்து, எல்லாரும் 'பெண்பிள்ளைகள்' என்று சொல்லி, சாயங்காலம் அவரவர் தெருவுக்குப் பிரித்து அனுப்பிவிடுகிறோம். 'உன் வாழ்க்கை உன் தேர்வு' என்று பலகையில் எழுதுவது சுலபம். ஒரு பெண் அப்படித் தேர்ந்ததை அடுத்து 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. பலகையில் எழுதுகிறவர் அடுத்த வாரம் ஊரில் இருப்பதில்லை.

'அதிகாரமளித்தல்' என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். ஸ்ரீலதா பட்லிவாலா இந்தச் சொல்லின் கதையை 2007-இல் எழுதினார். எண்பதுகளில் பெண்கள் கூட்டாகச் சேர்ந்து அதிகார உறவுகளைப் புரட்டுவது என்ற பொருளில் இயக்கங்கள் கையாண்ட சொல், பிறகு கடன் திட்டமாகவும் தனிமனித முன்னேற்றமாகவும் சுருங்கியதை அவர் காட்டுகிறார். தமிழில் அது வந்தபோதே 'அளித்தல்' ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. யாரோ அளிக்க வேண்டும், யாரோ வாங்கிக்கொள்ள வேண்டும். 'அதிகாரம் எடுத்தல்' என்று ஒரு முகாமுக்குப் பெயர் வைத்துப் பாருங்கள், மண்டபச் சாவி கிடைக்காது.

இனி அந்த ஜீப்புக்கு வருவோம். விடியுமுன் லோயர் கேம்ப், கூடலூர், கம்பம் பக்கத்திலிருந்து கிளம்பி, மலைப்பாதையில் குமுளிக்கும் அதற்கு அப்பாலும் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றி, வளைவில் கவிழ்ந்து, நாளிதழில் நான்கு வரிச் செய்தியாகிற ஜீப்புகளும் இவைதான். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். தூக்குச்சட்டி மடியில், தோள் மேல் தோள். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் எந்தத் தோட்டத்தில் கூலி கூட, எந்தக் கங்காணியின் கை நீளும், எங்கே மருந்தடித்த மறுநாளே காய் எடுக்கச் சொல்கிறார்கள், யார் மகளுக்கு எந்தக் கல்லூரியில் விடுதி கிடைத்தது என்ற சேதியெல்லாம் கை மாறுகிறது. 'நாளையிலருந்து அந்தத் தோட்டத்துக்கு வரலன்னு சொல்லிருவோம்' என்ற முடிவும் அங்கேதான். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பிரச்சினை வெடித்து, எல்லைச் சாலை அடைபட்டு, ஊர்வலமாக வந்த கூட்டத்தைப் போலீஸ் இதே லோயர் கேம்ப்பில் மறித்த நாட்களில், இரண்டு மாநிலத் தலைவர்களும் வீரம் பேசினார்கள். வேலை போனது ஜீப்பில் போகிறவர்களுக்கு. பிறகு அடங்கியதும், பயத்தோடு முதலில் மலையேறியவர்களும் அவர்கள்தான்.

'வேண்டாம்' என்று சொல்லிப் பழக முகாமில் ஒரு முழுக் காலை ஒதுக்கியிருந்தார்கள். பிள்ளைகள் வட்டமாக நின்று வானத்தைப் பார்த்துக் கத்தினார்கள். கங்காணியிடம் எந்தக் குரலில், எத்தனை பேர் சேர்ந்து, எந்த மாதத்தில் 'வேண்டாம்' என்று சொன்னால் வேலையும் போகாமல் கூலியும் கூடும் என்று தெரிந்தவர்கள் அந்நேரம் மலைமேல் இருந்தார்கள். கேட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

அம்மாக்களை நான் புனிதமாக்குவதாக நினைக்க வேண்டாம். மகளின் படிப்பை நிறுத்தும் அம்மாக்கள் உண்டு. வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே வீட்டில் விட்டுவிட்டு விடியுமுன் கிளம்ப வேண்டியவளின் பயம், சீக்கிரம் கல்யாணத்தை முடிக்கச் சொல்கிறது. அந்தப் பயத்தைப் பிற்போக்கு என்று பெயரிட்டால் பேச்சு முடிந்துவிடும். வேலை நேரம், ஜீப், மகள் தனியே இருக்கும் அந்தப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் என்று விரித்தால் பேச்சு ஆரம்பிக்கும். ஆரம்பிக்க இருவரும் ஒரே அறையில் இருக்க வேண்டும்.

மேற்கு மலையிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. 2015 செப்டம்பர், மூணாறு. பல தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்களின் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், தேயிலை கொழுந்து பறிப்பவர்கள், கம்பெனி போனஸைக் குறைத்ததும் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரிய தொழிற்சங்கங்களின் ஆண் தலைவர்களைப் பக்கத்தில் வர விடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்று பெயர், பெண்கள் ஒற்றுமை. ஒன்பது நாள் நகரம் நின்றது. 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். 232 ரூபாயாக இருந்த தினக்கூலியை 500 ஆக்கக் கேட்டதில் 301 வரை வந்தது. லிஸ்ஸி சன்னியும் கோமதியும் எந்தத் தலைமைப் பண்பு முகாமிலும் சான்றிதழ் வாங்கியவர்கள் அல்ல. எஸ்டேட் லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே மலைச்சரிவில் ஒரே நேரத்தில் வேலை, எடை போடும் இடத்தில் ஒரே வரிசை, இதுதான் அவர்களின் பயிற்சி மண்டபம். பிறகு அந்த அமைப்பு உடைந்தது, கட்சிகள் உள்ளே வந்தன, தலைவிகளுக்குள் பிணக்கு வந்தது என்பதும் உண்மை. அதைச் சொல்லிக் காட்டி அந்த ஒன்பது நாளைக் குறைப்பவர்கள் ஆண்களின் தொழிற்சங்கங்கள் எத்தனை முறை உடைந்தன என்றும் எண்ண வேண்டும்.

முகாம்களே வேண்டாம் என்கிறேனா? இல்லை. 1991-இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கம் ஒருவகையில் பெரிய முகாம்தான். ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத் காலத்தில் அங்கே எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுக்கப்பட்டது. லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டப் பழகினார்கள். ஆண்கள் கேலி செய்தார்கள், ஆபாசமாகவும். அந்தக் கதையை பி. சாய்நாத் ஆங்கிலத்தில் எழுதி உலகம் அறிந்தது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, மைதானத்தில் யார் யார் இருந்தார்கள் என்பது. விவசாயக் கூலிப் பெண், கல்குவாரியில் உடைப்பவள், அங்கன்வாடி ஊழியர், பள்ளி ஆசிரியை, இளம்பெண் என்று பல வயதினர் ஒரே மைதானத்தில் விழுந்து எழுந்தார்கள். கற்றுக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அதே வட்டாரத்துக்காரர்கள், அடுத்த வாரமும் அங்கேதான் இருந்தார்கள். கல்குவாரிக் குத்தகை பெண்கள் குழுக்களுக்குக் கொடுக்கப்பட்டதும் அதே காலத்தில்தான், ஆக எழுத்தும் கூலியும் ஒரே பேச்சில் வந்தன. அரசு இயக்கம் என்பதால் அதிகாரிகள் மாறியதும் வேகம் குறைந்தது. ஆனால் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவளிடமிருந்து அதைத் திரும்ப வாங்க முடியாது.

நான் இருந்த முகாமிலும் பிள்ளைகளுக்கு உண்மையாகவே கிடைத்த ஒன்று உண்டு. கால அட்டவணையில் அது இல்லை. இரவு. ஏழு இரவுகள் தண்ணீர் பிடிக்காமல், தம்பிக்குச் சோறு போடாமல், மண்டபத் தரையில் வரிசையாகப் பாய் விரித்து விடிய விடியப் பேசியது. 'என்ன பிடித்தது?' என்ற கருத்துப் படிவத்தில் முக்கால்வாசிப் பேர் 'நைட்டு' என்று எழுதினார்கள். நடத்தியவர்களுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம். எனக்கு அந்தப் படிவங்கள்தான் அந்த வாரத்தின் நல்ல ஆவணம். வேலையில்லாத நேரமும் பெண்கள் மட்டும் இருக்கும் அறையும் கிடைத்தால் பாடத்திட்டம் தானே வரும். அம்மாக்களுக்கு அந்த அறை ஓடும் ஜீப்பாக இருக்கிறது, மகள்களுக்கு அதுவும் இல்லை. லோயர் கேம்ப்பை ஒட்டிய பளியன்குடியிலிருந்துதான் கண்ணகி கோயிலுக்கு மலையேறுகிறார்கள், சித்திரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும், இரண்டு மாநில அனுமதியோடு. மதுரையை எரித்தவளுக்கே வருடத்துக்கு ஒரு நாள்தான் என்றால் இவர்களுக்கு ஒரு வாரம் அதிகம்தான் என்று அங்கே வந்த ஆசிரியை ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இவான் இல்லிச் 1968-இல், மெக்சிகோவுக்குத் தொண்டு செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களிடம், ஊர் பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்ற பொருளில் பேசினார். அந்தக் கோபம் எனக்குப் பிடிக்கும், ஆனால் முழுக்க ஒப்பவில்லை. வந்திருந்த இளம்பெண்களில் ஒருத்தி, பயிற்சி எதுவும் நடத்தாமல், சாயங்காலம் பிள்ளைகளோடு குழாயடியில் குடம் தூக்கினாள். அவள் நாட்டில் அவளுடைய பாட்டி திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் பறித்தவர் என்று அப்போதுதான் தெரிந்தது. கூடலூர்ப் பிள்ளைகளுக்குத் திராட்சைக் கூலி பற்றிக் கேட்க நூறு கேள்விகள் இருந்தன. நான் மொழிபெயர்த்துக் களைத்துப்போன ஒரே மாலை அது. அங்கே யாரும் யாருக்கும் எதையும் அளிக்கவில்லை, ஒரு வேலையைப் பற்றி இரண்டு நாட்டுக் கூலிக்காரக் குடும்பங்கள் பேசிக்கொண்டன.

நிறைவு விழாவைப் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வைத்தார்கள். சிறப்பு விருந்தினருக்கு அந்த நேரம்தான் தோது. பெற்றோருக்கென்று போட்ட நாற்காலிகளில் தாத்தாக்கள் சிலரும் ஒரு பாட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வந்த அறிக்கையில் 'பெற்றோரின், குறிப்பாகத் தாய்மார்களின் ஈடுபாடு குறைவு' என்று ஒரு வரி இருந்தது. ஜீப் மலையிறங்கி வரச் சாயங்காலம் ஆகும். ஏழு மணிக்கு மேல் வைத்தால் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் துணியெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு, தலை குளித்துவிட்டு, சீக்கிரமே வந்து உட்காருவார்கள்.